ஊசிக்கோடு விழுந்த பாட்டு

போன வருஷம் தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, காதர்பேட்டையில் சர்ப்ளஸ் குவியலைக் கிளறிக்கொண்டு இருந்தபோது ஒரு டி-ஷர்ட் கைக்கு வந்தது. நெஞ்சில் பெரிசா ஒரு கண். அதைச் சுத்தி சிவப்பும் பச்சையும் அலையலையா ஓடுது. கீழே 'தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' என்று ஒரு பேர். விலை எண்பது ரூபாய். ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டேன். கடை அண்ணன் துணியை வெளிச்சத்துக்கு நேரா பிடித்துக் காட்டினார். தோளிலிருந்து இடுப்பு வரை மெல்லிசா ஒரு நேர்கோடு.

"ஊசிக்கோடு தம்பி. செகண்ட்ஸ்."

வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருக்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். வட்ட நிட்டிங் மிஷினில் ஆயிரத்துக்கும் மேலே ஊசிகள் சுத்தி நிற்கும். அதில் ஒரே ஒரு ஊசியின் கொக்கி வளைந்தாலும், அந்த ஊசி பின்னுகிற இடம் மட்டும் மத்ததை விட வேற மாதிரி விழும். மிஷின் ஓட ஓட அது ஒரு நீளக் கோடா துணி முழுக்க வரும். அதுதான் ஊசிக்கோடு. செக்கிங் டேபிளில் இருக்கிற அக்கா ஸ்டிக்கர் ஒட்டித் தனியா எடுத்து வைத்துவிடுவார். பையர் வாங்க மாட்டான். நம்ம காதர்பேட்டைக்கு வந்துவிடும்.

டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்து, யாருடா இவங்க என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் ஊர்க்காரர்கள். அந்தக் கண் 1966-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டைப்படம். அந்த ஆல்பத்தில் 'யூ ஆர் கோனா மிஸ் மீ' என்று ஒரு பாட்டு. அதைப் போட்டதும் பின்னாடி 'டுகுடுகுடுகு' என்று ஒரு சத்தம், பாட்டு முடிகிற வரைக்கும் விடவே இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை. டாமி ஹால் என்பவர் ஒரு காலி ஜாடியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, மைக்கையும் சேர்த்துப் பிடித்து, வாயாலேயே போட்ட சத்தம். நம்ம ஊரில் கடத்தைத் தட்டுவோம். இவர் அதுக்குள்ளே கத்தியிருக்கிறார். அந்தப் பாட்டு அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 55-வது இடம் வரைக்கும் போனது.

இந்த வகைக்கு 'கராஜ் ராக்' என்று பேர். வீட்டுக் கார் ஷெட்டில் நாலைந்து பசங்க சேர்ந்து, இருக்கிற கிட்டாரை வைத்துக்கொண்டு, தெரிந்த மூணு கார்டில் அடிக்கிறது. அதோடு கனவு மாதிரி, போதை மாதிரி வளைந்து நெளிந்து வருகிற சத்தங்களைச் சேர்த்தால் 'சைக்கடெலிக்' என்று ஒட்டிக்கொள்ளும். 1965-லிருந்து ஒரு மூணு நாலு வருஷம் அமெரிக்கா முழுக்க இந்தக் கூத்து நடந்திருக்கிறது.

எனக்கு வந்த கேள்வி இதுதான். அதே காலத்தில் நம்ம பக்கம் யாராவது இதைச் செய்தார்களா? செய்திருக்கிறார்கள், அதுவும் மெட்ராஸிலேயே. ஆனால் அந்தக் கதைக்குப் போகும் முன்னால் இந்தச் சத்தம் எப்படிப் பிறந்தது என்று தெரியணும். ஏன் என்றால் இதுவும் ஒரு ஊசிக்கோட்டுக் கதைதான்.

ரிப்பேரான மிக்ஸர்

அமெரிக்காவில் நாஷ்வில் என்று ஒரு ஊர். அங்கே மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொரி' பாட்டை ரெக்கார்டு செய்துகொண்டு இருந்தார்கள். பாட்டு 1961-ல் வெளிவந்தது. நடுவில் கிரேடி மார்ட்டின் என்ற கலைஞர் ஆறு கம்பி பேஸ் கிட்டாரில் ஒரு பகுதி வாசிக்கணும். அவருடைய ஒயர் போய்ச் சேர்ந்த மிக்ஸர் சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிட்டது. கிட்டார் சத்தம் கிட்டார் மாதிரியே இல்லை. ஹாரன் கிழிந்த மாதிரி 'ஜர்ர்ர்' என்று வந்தது. தூக்கிப் போட்டிருக்கலாம். போடாமல் அப்படியே விட்டார்கள். பாட்டு ஹிட்.

அப்புறம் மத்தவர்களும் அதே சத்தம் வேணும் என்று வந்து நின்றார்கள். பழுதான சேனலோ ஒரேயடியாகச் செத்துப்போனது. அதனால் ஸ்டூடியோ இன்ஜினியர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே டிரான்ஸிஸ்டர் வைத்துச் செயற்கையா உண்டாக்குகிற ஒரு சின்னப் பெட்டியைச் செய்தார். கிப்சன் கம்பெனி அதை வாங்கி, 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்று கடைக்குக் கொண்டுவந்தது. முதல் சில வருஷம் யாரும் சீந்தவில்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் அந்தப் பெட்டியை மிதித்தார். அவர் நினைத்ததே, 'இந்த இடத்தில் பிறகு டிரம்பெட் மாதிரி ஊதுகருவி வரும், இது சும்மா மாதிரிக்கு' என்றுதான். மாதிரியே பாட்டாகிவிட்டது. பெட்டி கடையில் தீர்ந்துபோனது.

ஈசிஇ பசங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கிளிப்பிங். மத்தவர்களுக்குக் கொஞ்சம் விரிவா.

கிட்டார் கம்பி அதிர்ந்தால் மேலும் கீழும் வளைகிற ஒரு அலை வரும். அதை ஆம்ப்ளிஃபையர் பெரிசாக்குகிறது. ஆனால் டிரான்ஸிஸ்டருக்குப் பின்னால் இருப்பது ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரிதான். அலையை எவ்வளவு பெருக்கினாலும் அந்த ஒன்பது வோல்ட்டைத் தாண்டி எழும்ப முடியாது. தலை கூரையில் இடிக்கும். மேல் வளைவு வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும், கீழ் வளைவும் அப்படியே. வட்டமா இருந்த அலை, பெட்டி மாதிரி ஆகிவிடும். இப்படி வெட்டுப்பட்ட அலைக்குள் புதுசா அதிர்வெண்கள் முளைக்கின்றன. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதை ரெண்டு பக்கமும் சமமா வெட்டினால் மூணு மடங்கில் 247, ஐந்து மடங்கில் 412 என்று மேலே மேலே போகும். அந்தக் கூட்டம்தான் நம்ம காதில் 'ஜர்ர்ர்'.

நானும் என் ரூம்மேட்டும் லேபில் இதைச் செய்து பார்த்தோம். 1966-ல் லண்டனில் வந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்ற பெட்டியின் சர்க்யூட் ரொம்பச் சின்னது. ரெண்டு டிரான்ஸிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெப்பாசிட்டர், ரெண்டு திருகு. ஒரிஜினலில் ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர். எங்களிடம் இருந்தது சாதா சிலிக்கான், பிசி 548. பிரெட்போர்டில் குத்தி, கிட்டாரைச் செருகி, ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தோம். அலையின் தலை வெட்டுப்பட்டு நின்றது. செகண்ட் இயரில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த படம் ஃபைனல் இயரில் சத்தமாகக் கேட்டது.

தலைகீழா ஓடின டேப்

இன்னொரு பாட்டையும் சொல்லணும். லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் குழு பாடியது. பேரே நீளம், 'ஐ ஹேட் டூ மச் டு ட்ரீம் லாஸ்ட் நைட்'. எழுதியது அனெட் டக்கர், நான்சி மான்ட்ஸ் என்ற ரெண்டு பெண்கள். தயாரித்தவர் டேவ் ஹாசிங்கர். 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' ரெக்கார்டு ஆனபோது இன்ஜினியரா உட்கார்ந்திருந்தவரும் இவரேதான்.

அந்தப் பாட்டு ஒரு ராட்சத வண்டு வந்து காதில் உட்கார்ந்த மாதிரி தொடங்கும். சத்தம் தூரத்தில் எழும்பி, பெரிசாகி, சட்டென்று நிற்கும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. லியான் ரஸ்ஸல் என்ற இசைக்கலைஞரின் வீட்டில் அவர்கள் ரெக்கார்டு செய்துகொண்டு இருந்தார்கள். டேப்பை மிச்சம் பிடிக்க, ஒரு பக்கம் முடிந்ததும் ரீலைத் திருப்பிப் போட்டார்கள். திருப்பிப் போட்ட டேப்பை ஓட்டியபோது, முன்னாடி கென் வில்லியம்ஸ் சும்மா நடுக்கிவிட்டு வாசித்திருந்த கிட்டார் தலைகீழா ஓடியது.

சாதாரணமா கிட்டார் சத்தம் தட்டின உடனே பெரிசா இருந்து, போகப்போகத் தேயும். தலைகீழா ஓடினால் தேய்ந்த இடத்தில் ஆரம்பித்து, தட்டின இடத்தில் முடியும். அதனால்தான் அந்த வண்டு. கேட்டவர்கள் அதை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தி, பாட்டின் தலையில் ஒட்டினார்கள். 1966 கடைசியில் வெளியான பாட்டு 1967-ல் பில்போர்டில் 11-வது இடம் வரைக்கும் ஏறியது.

ஜாடி, பழுதான மிக்ஸர், திருப்பிப் போட்ட டேப். மூணும் செக்கிங் டேபிளில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ள வேண்டிய சரக்குதான்.

ஆனால் ஹிட் ஆன சில பாட்டு போக, இந்தக் குழுக்களில் முக்கால்வாசி பேரை ரெண்டு மூணு வருஷத்தில் உலகம் மறந்துவிட்டது. 1972-ல் லென்னி கே என்பவர் 27 பாட்டைப் பொறுக்கி, 'நகெட்ஸ்' என்று ரெட்டை எல்பியா எலெக்ட்ரா கம்பெனி மூலம் கொண்டுவந்தார். முதல் பாட்டே அந்த வண்டுதான். என் டி-ஷர்ட் குழுவும் அதில் உண்டு. இன்றைக்கு நம்ம ஊர் மிஷினில் அவர்கள் பேரை அச்சடிக்க யாரோ ஆர்டர் தருகிறார்கள் என்றால், அந்தத் தொகுப்புக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சிகரெட் கம்பெனி போட்ட ரெக்கார்டு

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

1960-களின் கடைசியில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், பெங்களூர், ஷில்லாங் என்று எல்லா ஊரிலும் காலேஜ் பசங்க 'பீட் குரூப்' என்ற பேரில் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கினார்கள். பாட்டு கேட்க ரேடியோ சிலோன். படிக்க கல்கத்தாவிலிருந்து வந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை. வெளிநாட்டுக் கிட்டாரோ ஆம்ப்ளிஃபையரோ இறக்குமதி செய்வது அன்றைக்கு லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, வரி, எல்லாம் தாண்டி வரணும். அதனால் தச்சரிடம் மரம் செதுக்கி, ரேடியோ மெக்கானிக்கிடம் ஆம்ப்ளிஃபையர் கட்டி வாங்கி வாசித்த குழுக்கள் நிறைய. கார் ஷெட் இல்லாத கராஜ் ராக்.

இவர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. இம்பீரியல் டொபாக்கோ, அதாவது 1970-ல் இந்தியா டொபாக்கோ என்று பேர் மாறின, இன்றைய ஐடிசி. அவர்களுடைய சிகரெட் பிராண்டு ஒன்றின் பேர் 'சிம்லா'. அதை இளசுகளிடம் கொண்டுபோக 'சிம்லா பீட்' என்று அகில இந்திய அளவில் ஒரு பேண்டு போட்டி நடத்தினார்கள். 1970-லும் 1971-லும் போட்டிக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து வருஷத்துக்கு ஒரு எல்பி போட்டார்கள். பாதி, வெளிநாட்டுப் பாட்டுகளின் மறுபதிப்பு. மீதி, அந்தப் பசங்களே எழுதின சொந்தப் பாட்டு. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ் என்ற குழு 'சிம்லா பீட் தீம்' என்று விளம்பரப் பேரையே பாட்டாக்கியது. மெட்ராஸிலிருந்து போன குழுவின் பேர் 'கன்ஃப்யூஷன்ஸ்'. அவர்கள் பாட்டு 'வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்', 1970 எல்பியில் இருக்கிறது.

நான் முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது, இது மெட்ராஸ் என்று என்னிடம் யாராவது சொல்லாமல் இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஆங்கிலப் பாட்டு. ஏன்டா தமிழில் பாடவில்லை என்று முதலில் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தேன். நானும் இங்கிலீஷ் மீடியம்தான். என் பேண்டின் முதல் பாட்டையும் நான் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ரைம் சுலபமா வந்தது, அவ்வளவுதான் காரணம். அந்தப் பசங்களுக்கும் கேட்டு வளர்ந்த சத்தம் அந்த மொழியில்தான் இருந்திருக்கும்.

ஏன் ரெக்கார்டு போடுவது அவ்வளவு கஷ்டம்

இன்றைக்கு போனை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினால் ரெக்கார்டிங். அன்றைக்கு எப்படி என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1964-ல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாட்டைப் போட்டுப் பாருங்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் கையை வீசி நடத்த, டி.எம்.எஸ் மைக் முன்னால் நின்று பாட, சுத்தி ஒரு படையே வாசிக்கும். ஒரு சினிமாப் பாட்டு எப்படி ரெக்கார்டு ஆகும் என்பதையே காட்சியா எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். முப்பது பேரில் ஒருத்தர் பிசகினாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. நாலு காலேஜ் பசங்க அந்த மாதிரி ஒரு தியேட்டரைக் காசு கொடுத்துப் பிடிப்பது நடக்கிற காரியமா?

பிடித்தாலும் அடுத்தது ரெக்கார்டு அச்சடிக்கணும். அது எப்படி என்றால், முதலில் டேப்பில் இருக்கிற சத்தத்தை ஒரு ஊசி, அரக்குப் பூசின தட்டில் பள்ளமா வெட்டும். அந்தத் தட்டுக்கு உலோக முலாம் பூசி உரித்தால், பள்ளம் மேடாகி ஒரு அச்சு கிடைக்கும். சூடான பிளாஸ்டிக்கை அந்த அச்சுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எல்பி. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஸ்கிரீன் பிரிண்டிங் மாதிரி. ஃப்ரேம் போடுகிற செலவு பத்து பீஸுக்கும் அதேதான், பத்தாயிரம் பீஸுக்கும் அதேதான். அதனால்தான் எந்தக் கம்பெனியும் முதலில் கேட்பது 'மினிமம் எவ்வளவு எடுப்பீங்க?'. அன்றைக்கு இந்தியாவில் ரெக்கார்டு அச்சடிப்பது என்றால் பெரும்பாலும் ஹெச்எம்வி லேபிள் வைத்திருந்த கிராமபோன் கம்பெனி, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் ஃபேக்டரி. சினிமாப் பாட்டு விற்கிற இடத்தில் முகம் தெரியாத காலேஜ் பசங்க பாட்டுக்கு மினிமம் யார் எடுப்பார்?

சிகரெட் கம்பெனி எடுத்தது. அவர்களுக்கு அது விளம்பரச் செலவு. ரெக்கார்டு விற்றுத்தான் காசு வரணும் என்ற அவசியம் இல்லை. 2003-ல் வந்த புகையிலைச் சட்டத்துக்குப் பிறகு அப்படி ஒரு போட்டியை யாரும் நடத்த முடியாது. முடியாமல் போனதே நல்லது என்றுதான் நினைக்கிறேன், எங்கள் வீட்டிலும் பீடியால் போன ஆள் உண்டு. ஆனாலும் ஒரு உண்மையை மறைக்க முடியவில்லை. 1970-ல் மெட்ராஸ் பசங்க சொந்தமா எழுதின ஒரு பாட்டு இன்றைக்கு என் போனில் ஓடுகிறது என்றால், அது அந்த விளம்பரத்தால்தான். போட்டிக்குப் போகாத, போய்த் தோற்ற, போக பஸ் காசு இல்லாத குழுக்கள் வாசித்தது எல்லாம் அன்றைக்குக் கேட்டவர்களோடு முடிந்தது. நல்ல பாட்டு தங்கியது, மோசமான பாட்டு போனது என்று இல்லை. ரெக்கார்டு ஆனது தங்கியது, ஆகாதது போனது.

அந்த ரெண்டு எல்பியும் பழைய ரெக்கார்டு தேடுகிறவர்கள் கையில் பட்டு, பிறகு வெளிநாட்டில் மறுபடி வெளியானது. ஜெர்மனியின் க்யூடிகே மீடியா 'லவ், பீஸ் அண்ட் போயட்ரி' என்று நாடு நாடா சைக்கடெலிக் பாட்டுகளைத் தொகுத்தது. அதன் ஆசியத் தொகுப்பில் துருக்கியின் எர்கின் கொராய், கொரியாவின் சான் உல் லிம் குழு எல்லாம் இருக்கிற வரிசையில் ஷில்லாங் ஃபென்டோன்ஸும் மெட்ராஸ் கன்ஃப்யூஷன்ஸும் இருக்கிறார்கள். நம்ம காதர்பேட்டை வேலையை அங்கே யாரோ செய்திருக்கிறார்கள், குவியலைக் கிளறி நல்லதை எடுக்கிற வேலை.

அந்தச் சத்தம் எங்கே போச்சு

பேண்டுகள் கலைந்தன. வேலை, கல்யாணம், வெளிநாடு. ஆனால் சத்தம் சாகவில்லை, சினிமாவுக்குள் போய்விட்டது. 1971-ல் வந்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தின் 'தம் மாரோ தம்' பாட்டு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆர்.டி.பர்மன் இசை, ஆஷா போஸ்லே குரல், தொடக்கத்தில் வருகிற அந்தக் கிட்டார் பூபிந்தர் சிங். அதே படத்தில் ஆங்கில வரிகளைப் பாடியவர் உஷா ஐயர், பிறகு உஷா உதுப். பம்பாயில் பிறந்த தமிழ்ப் பெண். அவர் பாட ஆரம்பித்தது மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப்பில், பட்டுப்புடவையும் பொட்டுமா.

சினிமாவிலிருந்து அது ஊர் ஊரா இறங்கியது. எப்படி என்றால், மாரியம்மன் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ரா வழியா. எலெக்ட்ரிக் கிட்டாரை நம்ம பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் நேரில் பார்த்தது அந்த மேடையில்தான் இருக்கும். என் பெரியப்பா அப்படி ஒரு இன்னிசைக் குழுவில் 1980-களில் கிட்டார் வாசித்தவர். பகலில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக், ராத்திரியில் கச்சேரி. இப்போது வீட்டு முன்னாடி ஷெட்டில் நாலு மிஷின் போட்டு ஜாப் வொர்க் செய்கிறார்.

இந்தக் கட்டுரைக்காக இதையெல்லாம் படித்துக்கொண்டு இருந்தபோது ஒரு நாள் அவரிடம் கன்ஃப்யூஷன்ஸ் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மிஷினை நிறுத்தாமலே ஒரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டார். பாதியில் மிஷினை நிறுத்தினார். முழுசா கேட்டுவிட்டு, "நல்லாத்தானுங் கண்ணு வாசிக்கறானுக" என்றார்.

"உங்க கச்சேரி கேசட் ஏதாச்சும் இருக்குங்களா பெரியப்பா?"

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு பூசணம் புடிச்சுப் போச்சு. இன்னொண்ணுல உங்கக்கா சின்னதுல ரேடியோப் பாட்டைப் புடிச்சுட்டா. அதையெல்லாம் ஆரு பெருசா நெனச்சா?"

அப்புறம்தான் ஒரு விஷயம் சொன்னார். சினிமாப் பாட்டுக்கு நடுவில், பாடகர் தண்ணி குடிக்கிற நேரத்தில் வாசிக்க என்று அவரே ஒரு மெட்டு போட்டு வைத்திருந்தாராம். ரெண்டு நிமிஷ மெட்டு. பத்து வருஷம் ஒவ்வொரு மேடையிலும் வாசித்தது. குழுவில் கீபோர்டு வாசித்தவரும் தபேலா வாசித்தவரும் இப்போது இல்லை. அந்த மெட்டு தெரிந்த ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்றால் எங்கள் பேண்டும் மூணு வருஷமா ஒரு சொந்தப் பாட்டை வைத்திருக்கிறது. கல்ச்சுரல்ஸில் வாசித்திருக்கிறோம், ஹாஸ்டல் டேயில் வாசித்திருக்கிறோம். கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நல்ல ரெக்கார்டிங்கூட கிடையாது. 'மிக்ஸிங் சரியா வரட்டும், நல்ல மைக் வாங்கட்டும்' என்று தள்ளிக்கொண்டே வந்தோம். ஜூன் மாசம் ஒருத்தன் புனே, ஒருத்தன் ஓசூர், ஒருத்தி கனடா, நான் இங்கேயே. எங்களுக்கு மினிமம் ஆர்டர் கேட்கிற ஃபேக்டரி இல்லை. சிகரெட் கம்பெனி தேவை இல்லை. ஒரு சாக்கும் மிச்சம் இல்லை.

பெரியப்பாவிடம் கிட்டாரைக் கொடுத்தேன். "வெரலெல்லாம் மரத்துப் போச்சு, வேண்டாங் கண்ணு" என்றார். அப்புறம் வாங்கிக்கொண்டார். ஞாயித்துக்கிழமை மிஷின் ஓடாதபோது செய்யலாம் என்று சொன்னவரை, இப்பவே வாசிங்க என்று பிடிவாதம் பிடித்தேன். பக்கத்து ஷெட்டில் ஓவர்லாக் ஓடிக்கொண்டு இருந்தது. கிட்டாரின் பிக்கப் கரண்டு சத்தத்தையும் சேர்த்து இழுத்து, ஆம்ப்ளிஃபையரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். ரெண்டு இடத்தில் விரல் தவறியது. ஒரு இடத்தில் பெரியம்மா, "டீ ஆறுதுங்க" என்று கூப்பிட்டார்.

போனில் ரெண்டு நிமிஷம் பதினொரு செகண்டு. எதையும் வெட்டவில்லை. ஃபைலுக்கு 'பெரியப்பா மெட்டு 1' என்று பேர் வைத்து மூணு இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் பேண்டு பாட்டை வருகிற சனிக்கிழமை ராத்திரி, மெஸ் மூடின பிறகு அங்கேயே ரெக்கார்டு செய்கிறோம். பாத்திரம் கழுவுகிற சத்தம் கண்டிப்பா விழும். வர முடிந்தவர்கள் வாங்க, கோரஸுக்கு ஆள் பத்தவில்லை.